கினி பிக் சாப்பிடவில்லையா? பல், சிறுநீர், மூச்சுக் கோளாறுகளில் செய்யக்கூடாத தவறுகள்

கினி பிக் "இன்று பசியில்லை" என்று ஒரு வேளை விட்டுவிடும் பிராணி இல்லை. அதன் குடலுக்குள் நாள் முழுக்க நார் போய்க்கொண்டே இருக்க வேண்டும். 12 மணி நேரம் எதையும் மெல்லாவிட்டால் குடல் மந்தமாகி வாயு சேரத் தொடங்கும். ஒரு நாளைத் தாண்டினால் ஈரலும் பாதிக்கப்படலாம். நாய்க்கு வயிறு சரியில்லை என்றால் ஒரு நாள் பட்டினி போட்டுப் பார்ப்பார்கள். அந்தப் பழக்கத்தை இங்கே கொண்டுவருவதுதான் முதல் தவறு.

இரண்டாவது தவறு, கண்ணால் பார்த்து "நன்றாகத்தான் இருக்கிறது" என்று முடிவு கட்டுவது. காட்டில் இரையாகிப் பழகிய இனம் நோயைக் காட்டிக்கொள்ளாது. தட்டருகே ஓடி வரும், இலையை வாயில் எடுக்கும், மென்று விழுங்காது. எடை மட்டும் பொய் சொல்லாது. சமையலறைத் தராசில் ஒரு கிண்ணம் வைத்து, வாரம் ஒரு முறை, ஒரே நேரத்தில் நிறுத்து எழுதி வையுங்கள். 900 கிராம் பிராணி ஒரு வாரத்தில் 50 கிராம் இறங்கினால் தினமும் நிறுங்கள். 90 கிராம் இறங்கியிருந்தால் காத்திருக்க வேண்டாம், மருத்துவரிடம் போங்கள்.

பல்: முன்னால் தெரிவது நான்குதான்

மொத்தம் 20 பற்கள். முன்பற்கள் 4, உள்ளே மறைந்திருக்கும் கடைவாய்ப்பற்கள் 16. எல்லாமே சாகும்வரை வளரும். உதட்டை விலக்கி முன்பல்லைப் பார்த்துவிட்டு "பல்லில் ஒன்றுமில்லை" என்பவர்கள் பார்க்காமல் விடுவது அந்தப் பதினாறை. கீழ்க் கடைவாய்ப்பற்கள் தேயாமல் வளர்ந்தால் உள்பக்கமாகச் சாய்ந்து நாக்கின் மேல் பாலம் போல மூடும். நாக்கு அடியில் சிக்கிக்கொள்ளும், விழுங்க முடியாது. மேல்பற்கள் கன்னத்தைக் குத்திப் புண்ணாக்கும். மேல்பல்லின் வேர் நீண்டால் கண்ணில் நீர் வடியலாம், கண் பிதுங்கக்கூட செய்யலாம். கண்ணுக்கு மட்டும் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருப்பது அதனால்தான் பல நேரம் வீண்.

ஒரு கொத்தமல்லித் தண்டை நீட்டிப் பாருங்கள். நல்ல பல் உள்ள பிராணியிடம் அது நூல் இழுத்தாற்போல ஒரே சீராக உள்ளே போய்விடும். பல் கோளாறு உள்ளது தண்டைக் கவ்வும், தாடையை ஆட்டும், தலையை ஒரு பக்கம் சாய்க்கும், பாதி நசுங்கிய துண்டு கீழே விழும். தாடைக்கு அடியில் ரோமம் எச்சிலில் நனைந்து திரித்திரியாக ஒட்டியிருக்கும். வெள்ளரிக்காயைத் தின்று உலர்புல்லை விட்டுவைப்பது இதற்கும் முந்தைய அறிகுறி.

முன்பல் நீண்டுவிட்டது என்று நகவெட்டியால் வெட்டாதீர்கள். பல் நெடுக்காகப் பிளந்து வேர்வரை விரிசல் போகும், சீழ் பிடிக்கும். அதோடு, முன்பல் நீள்வதே பெரும்பாலும் உள்ளே கடைவாய்ப்பல் கெட்டிருப்பதால்தான். கடையில் விற்கும் கடிக்கும் கட்டை முன்பல்லுக்கு மட்டுமே உதவும். கடைவாய்ப்பல்லைத் தேய்ப்பது மணிக்கணக்கில் புல் அரைப்பதுதான். திமோதி என்ற புல்வகையின் உலர்புல் எப்போதும் குறையாமல் இருக்க வேண்டும். கிடைக்காதபோது மருந்து தெளிக்காத அருகம்புல்லைக் கழுவி நிறையக் கொடுக்கலாம். நெல் வைக்கோல் இதற்கு ஈடாகாது. பெல்லட் (கடையில் விற்கும் குச்சித் தீவனம்) நாளுக்கு ஒரு மேசைக்கரண்டி போதும்.

வைட்டமின் சி-யை இந்தப் பிராணியின் உடல் தானாகத் தயாரிக்காது. குறைந்தால் பல்லைப் பிடித்திருக்கும் தசைநார் தளரும், மூட்டு வலிக்கும், கிருமித்தொற்று எளிதாகும். கிலோவுக்குத் தினம் 10 முதல் 30 மில்லிகிராம் வேண்டும். நோயுற்றால் மருத்துவர் கூட்டுவார். தண்ணீர்க் குப்பியில் கரைத்து வைப்பது வீண்: வெளிச்சத்தில் சத்து அழியும், சுவை மாறியதால் தண்ணீர் குடிப்பதும் குறையும். குடைமிளகாய்த் துண்டும் சிறிது கொய்யாவும் நம்பகமானவை. மல்டிவைட்டமின் சொட்டு மருந்து வேண்டாம், அதில் உள்ள வைட்டமின் டி மிகுந்தால் உள்ளுறுப்புகளில் கால்சியம் படியும்.

பல் சீராக்க மயக்க மருந்து கொடுக்கும் நாளில், "மனிதர்களைப் போல இரவெல்லாம் பட்டினி" என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கினி பிக்கால் வாந்தி எடுக்க முடியாது. நீண்ட பட்டினி குடலைத்தான் கெடுக்கும்.

ஊசிக்குழலால் ஊட்டும்போது

தயிர் சாதம், பால், குளுக்கோஸ் தண்ணீர், குழந்தைக்கான மாவுக் கஞ்சி எதுவும் வேண்டாம். நார் இல்லாத மாவும் சர்க்கரையும் குடலில் நொதித்து வாயுவைத்தான் கூட்டும். பெல்லட்டை உலர்ந்தபடியே மிக்ஸியில் பொடியாக்கி வெதுவெதுப்பான நீரில் ஊறவிட்டால் 1 மில்லி ஊசிக்குழலில் அடைக்காமல் வரும். முதலில் வயிற்றைத் தொட்டுப் பாருங்கள். மத்தளம் போல விறைத்திருந்தால் ஊட்டாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மல்லாத்திப் போட்டு ஊட்டினால் நுரையீரலுக்குள் போகும். துண்டில் சுற்றி, உட்கார்ந்த நிலையில் பிடித்து, முன்பல்லுக்குப் பின்னால் உள்ள இடைவெளியில் ஊசிக்குழலின் நுனியைப் பக்கவாட்டில் நுழைத்து ஊட்டுங்கள். ஒரு முறைக்கு 0.2 முதல் 0.5 மில்லி, மென்று விழுங்கிய பிறகே அடுத்தது. கிலோ எடைக்கு நாளொன்றுக்குச் சுமார் 50 மில்லி, ஐந்தாறு தடவையாகப் பிரித்து. நடுராத்திரியில் ஒரு தடவை எழுந்துதான் ஆக வேண்டும்.

சிறுநீர்: வாழைத்தண்டுச் சாறு இங்கே செல்லாது

உணவில் மிஞ்சும் கால்சியத்தை கினி பிக் சிறுநீர் வழியாகவே வெளியேற்றும். அதனால் சற்றுக் கலங்கிய சிறுநீரும், காய்ந்தபின் வெள்ளைத் தடமும் இயல்புதான். அந்தத் தடத்தை விரலால் தேய்த்துப் பாருங்கள்: கோலமாவு போல மெல்லியதாக இருந்தால் கவலை குறைவு, மணல் போல நறநறத்தால் சரியில்லை. முதுகை வளைத்து நின்று கீச்சிடுவது, சொட்டுச் சொட்டாகப் போவது, இரத்தம் கலப்பது எல்லாம் எக்ஸ்ரே எடுக்க வேண்டிய நிலை. கல் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட் என்பதால் படத்தில் பளிச்சென்று தெரியும். வாழைத்தண்டுச் சாற்றாலோ மாத்திரையாலோ அது கரையாது. ஆண் பிராணியின் சிறுநீர்க்குழாய் குறுகலானது. அடைத்துக்கொண்டால் அன்றே சிகிச்சை வேண்டும். பெண்ணில் இரத்தம் கருப்பையிலிருந்தும் வரலாம், ஸ்கேன் பார்க்காமல் "நீர்க்கடுப்பு" என்று விட்டுவிடக் கூடாது.

சத்தானது என்று முருங்கைக்கீரையும் அகத்திக்கீரையும் தினம் போடுவது நம் வீடுகளில் நடக்கும் தவறு. இரண்டிலும் கால்சியம் ஏராளம். குதிரைமசால் உலர்புல் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கும் சினைப் பிராணிக்கும் மட்டும். அதற்காகக் கால்சியத்தை அறவே நிறுத்துவதும் தவறு, எலும்பும் பல்லும் கெடும். கீரையைக் கழுவி ஈரத்தோடே போட்டால் உடலுக்கு நீர் சேரும்.

மூச்சு

சளி என்று மருந்துக்கடையில் அமாக்ஸிசிலின் சிரப் வாங்கிக் கொடுப்பதைவிடப் பெரிய தவறு இந்தக் கட்டுரையில் வேறில்லை. அமாக்ஸிசிலின், ஆம்பிசிலின், பெனிசிலின், கிளிண்டாமைசின் போன்றவற்றை வாய்வழி கொடுத்தால் குடலின் நல்ல கிருமிகள் செத்து, நச்சுக் கிருமி பெருகி, சில நாட்களில் பிராணியே செத்துவிடலாம். நாய், பூனைகளையே அதிகம் பார்க்கும் மருத்துவராக இருந்தால் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று தயங்காமல் கேளுங்கள். என்ரோஃப்ளாக்ஸசின், டிரைமெத்தோபிரிம் சல்ஃபா போன்றவை வழக்கமாகப் பயன்படுபவை. அளவை மருத்துவரே சொல்ல வேண்டும்.

முயலோடு ஒரே கூண்டில் வைக்காதீர்கள். முயலையும் நாயையும் ஒன்றும் செய்யாமல் தங்கியிருக்கும் போர்டடெல்லா கிருமி கினி பிக்குக்கு நிமோனியா தரும். பைன், தேவதாரு மரத்தூளும், கொசுவர்த்தியும், சாம்பிராணியும் மூச்சுக்குழாயை எரிக்கும். கூண்டு நாறுகிறதா என்பதை நின்றபடி முடிவு செய்யாமல், குனிந்து அதன் மூக்கின் உயரத்தில் முகர்ந்து பாருங்கள். அமோனியா அங்கேதான் தேங்கும்.

முகம் கழுவும்போது கண்ணில் பால் போன்ற நீர் வருவது இயல்பு. மூக்கோரம் காய்ந்த பொருக்கு இயல்பில்லை. ஓய்வில் நிமிடத்துக்கு 40 முதல் 100 மூச்சுவரை இருக்கலாம். வாயைத் திறந்து மூச்சு விட்டால் எந்த நேரமானாலும் கிளம்புங்கள். தைலம் தடவி ஆவி காட்டுவது வேண்டவே வேண்டாம்.

சித்திரை வெயிலில் இன்னொரு குழப்பம் வரும். அறை 30 டிகிரியைத் தாண்டினால் வெப்பத் தாக்குதலிலும் மூச்சிரைக்கும், எச்சில் வழியும், பிராணி தட்டையாகப் படுத்துவிடும். பனிக்கட்டி நீரில் முக்காமல் ஈரத்துணியால் காதையும் பாதத்தையும் ஒற்றிக்கொண்டே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். பெட்டியில் கொஞ்சம் உலர்புல்லும், எடை எழுதிய தாளும் இருக்கட்டும்.