புற்றுநோய் ஆய்வுக்கு அரசு நிதி: விண்ணப்பத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பட்ஜெட் கூட்டல் பிழை, விட்டுப்போன கையெழுத்து இதையெல்லாம் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்), டி.பி.டி. (மத்திய அரசின் உயிரித்தொழில்நுட்பத் துறை) நிதிக்கு முதல்முறை விண்ணப்பிக்கும் மருத்துவர்கள் சறுக்கும் இடங்கள் வேறு. அதில் முதலாவதை எத்தனை முறை பார்த்தாலும் எரிச்சல் அடங்குவதில்லை.

நோயாளி எண்ணிக்கையை மனக்கணக்கில் போடுவது

"எங்கள் ஓ.பி.யில் வருடத்துக்கு 600 வாய்ப்புற்று நோயாளிகள், 200 பேரைச் சேர்ப்பது கஷ்டமா?" கஷ்டம்தான். வேறு இடத்தில் பாதி சிகிச்சை முடித்து வந்தவர்களைக் கழியுங்கள். சிறுநீரகம் தளர்ந்து கிரியேட்டினின் ஏறி, சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தைக் கொடுக்க முடியாதவர்கள், எடை சரிந்து படுத்துவிட்டவர்கள், 300 கிலோமீட்டர் தள்ளியிருந்து ஃபாலோ-அப்புக்கு வர இயலாதவர்கள், சம்மதம் தராதவர்கள் என்று கழித்துக்கொண்டே போனால், கடைசியில் 60 பேர் மிஞ்சினாலே பெரிது.

அடுத்து காலம். திட்டம் 36 மாதம். பணம் வந்து, ஆள் எடுத்து, மருந்து வாங்கி முடிக்க 6 மாதம். கடைசியாகச் சேர்ந்தவரையும் இரண்டு வருடம் கவனிக்க 24. தரவைச் சரிபார்த்து அலச 3. நோயாளிகளைச் சேர்க்க மிச்சம் 3 மாதம். வருடத்துக்கு 60 என்ற வேகத்தில் 15 பேர். விண்ணப்பத்திலோ 200!

உயிர்வாழ்வை ஒப்பிடும் ஆய்வென்றால் இன்னும் மோசம். அங்கே கணக்கு தலைகளில் இல்லை, நிகழ்வுகளில், அதாவது இறப்புகளில். இரண்டு சம குழுக்கள், ஹசார்டு ரேஷியோ 0.7 (ஒரு குழுவில் இறப்பு வேகம் 30% குறைவு), 80% பவர் (அந்த வித்தியாசம் உண்மையில் இருந்தால் கண்டுபிடிக்கும் வாய்ப்பு), இருபக்க 5% (இல்லாத வித்தியாசத்தை இருப்பதாகச் சொல்லிவிடும் வாய்ப்பு) என்று வைத்தால் சுமார் 247 இறப்புகள் பதிவாக வேண்டும். '250 பேர் போதும்' என்று எழுதுவது, அநேகமாக அத்தனை பேரும் இறந்துவிடுவார்கள் என்று எழுதுவதுதான்.

விண்ணப்பிக்கும் முன் மூன்று மாதம் ஸ்க்ரீனிங் லாக் எழுதுங்கள்: வந்தவர், தகுதியானவர், மறுத்தவர், காரணம். ஒரு நோட்டு போதும். அதில் வரும் எண் போதவில்லையா, இன்னொரு மருத்துவமனையைச் சேருங்கள். இல்லையேல் முதன்மை அளவீட்டை மாற்றி, மூன்று மாதத்தில் கட்டி எவ்வளவு சுருங்கியது என்பதுபோல் கைக்கெட்டுவதை வையுங்கள்.

ஸ்கேனையும் இன்சூரன்ஸையும் மறப்பது

வழக்கமான சிகிச்சைக்கு மேல், ஆய்வுக்காக எடுக்கும் ஒவ்வொரு ஸ்கேனும் உங்கள் செலவு. மருந்து நிறுவனம் இல்லாமல் நீங்களே நடத்தும் ஆய்வில் ஸ்பான்சர் (ஆய்வைத் தொடங்கி ஏற்று நடத்துபவர்) பொறுப்பு உங்களுக்கும் உங்கள் நிறுவனத்துக்கும்தான் என்கிறது ஐ.சி.எம்.ஆரின் 2017 நெறிமுறை வழிகாட்டி. பாதிப்புக்கான இழப்பீடும் அதில் அடக்கம். பிரீமியத்தைப் பட்ஜெட்டில் போடுங்கள்.

சி.டி.ஆர்.ஐ. பதிவு

இது இந்தியாவின் மருத்துவ ஆய்வுப் பதிவேடு. முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன் இதில் பதிவு செய்துவிடுங்கள். 2018 ஏப்ரல் 1-லிருந்து பின்தேதிப் பதிவு கிடையாது.

வட்டியைச் செலவழிப்பது

கிராண்ட் பணத்தில் சேரும் வட்டி, பொது நிதி விதி 230(8)-இன்படி இந்தியத் தொகுப்பு நிதிக்குப் போக வேண்டும். அதில் கைவைத்தால் 12-ஏ படிவ யூ.சி. (பணம் எப்படிச் செலவானது என்ற பயன்பாட்டுச் சான்றிதழ்) இடிக்கும், அடுத்த தவணை நிற்கும், சம்பளம் வராத ஆய்வு உதவியாளர் வேறு வேலைக்குப் போய்விடுவார். நோயாளிகளுக்குப் போன் போட்டு ஃபாலோ-அப்புக்கு வரவழைப்பவர் அவர்தான்.