ஏற்காட்டுக்கு ஏறாத மெயில்கள்: சொந்த மெயில் சர்வரில் ஸ்பேம் வடிகட்டி அமைப்பது எப்படி?

பெரியப்பாவுக்கு ஏற்காட்டில் காபியும் மிளகுமாகச் சின்னதாக ஒரு தோட்டம் இருக்கிறது. அதை ஒட்டியே வருகிறவர்கள் தங்க நாலு அறை. சொந்த டொமைனில் மூன்று மெயில் பெட்டிகள். அந்தச் சர்வரைச் சேலத்தில், அஸ்தம்பட்டி வீட்டில் இருந்தபடி நான் பார்த்துக்கொள்கிறேன்.

மே மாதம், மேலே கோடை விழா நடக்கும் சமயம். அதற்குச் சில நாள் முன்புதான் வேறொரு வாடகை சர்வருக்கு எல்லாவற்றையும் மாற்றியிருந்தேன். இரண்டு நாளாக ஒரு குப்பை மெயில்கூட வரவில்லை. வடிகட்டி நன்றாக வேலை செய்கிறது என்று நிம்மதியாக இருந்தேன். மூன்றாம் நாள் பெரியப்பா போன் செய்தார். "கண்ணு, பெங்களூர்ல இருந்து ஒருத்தர் கூப்பிட்டாரு. ரூம் கேட்டு மூணு தடவை மெயில் போட்டாராம், மூணும் திரும்பி வந்துடுச்சாம். என்னன்னு பாரு."

சீசனில் அறை கேட்டு ஒரு மெயிலும் வராமல் இருக்காது. வந்த எல்லாவற்றையும் சர்வர் வாசலிலேயே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்யும்போது கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

டெபியன் 12 லினக்ஸில் போஸ்ட்ஃபிக்ஸும் (மெயிலை வாங்கி அனுப்புவது) டவ்காட்டும் (மெயில் பெட்டிகளைப் பார்த்துக்கொள்வது) ஏற்கெனவே ஓடுகின்றன, மெயிலை அனுப்புவது யார் என்று மற்ற சர்வர்கள் சரிபார்க்க உதவும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், பிடிஆர் பதிவுகள் சரியாக இருக்கின்றன என்று வைத்துக்கொள்கிறேன். கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் ஒலிப்படி தமிழில் தருகிறேன். டெர்மினலில் அடிக்கும்போது ஆங்கில எழுத்தில், எல்லாம் சின்ன எழுத்தில் அடியுங்கள்.

படி 1: ஆர்ஸ்பேம்டியை நிறுவுவது

ஸ்பேம்அசாசின் 2001-லிருந்து இருக்கும் நல்ல வடிகட்டி மென்பொருள்தான். ஆனால் அதைப் போஸ்ட்ஃபிக்ஸோடு இணைக்க நடுவில் இன்னொன்று வேண்டும், டிகேஐஎம் கையெழுத்துக்கு வேறொன்று வேண்டும். ஆர்ஸ்பேம்டி என்ற வடிகட்டி இவை அனைத்தையும் தானே செய்கிறது. 2 ஜிபி நினைவகம் உள்ள சர்வரில் எனக்குச் சிரமமே இல்லாமல் ஓடுகிறது. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

ஆர்ஸ்பேம்டி திட்டத்தின் சொந்தக் களஞ்சியத்தைச் சேர்த்து அதிலிருந்து நிறுவுங்கள். கூடவே ரெடிஸும் வேண்டும். வடிகட்டி கற்றுக்கொள்வதெல்லாம் அதில்தான் சேமிக்கப்படும். பிறகு போஸ்ட்ஃபிக்ஸின் மெயின் டாட் சிஎஃப் கோப்பில், வரும் மெயிலை வடிகட்டியிடம் காட்டும் எஸ்எம்டிபிடி மில்டர்ஸ் என்ற வரியில் லோக்கல்ஹோஸ்டின் (அதே சர்வரின்) 11332-ஆம் போர்ட்டைக் கொடுங்கள். மில்டர் டீஃபால்ட் ஆக்ஷனை அக்செப்ட் என்று வையுங்கள். வடிகட்டி நின்றுபோனாலும் மெயில் வந்துகொண்டிருக்கும்.

ஆர்ஸ்பேம்டியோடு வரும் மூலக் கோப்புகளில் கை வைக்க வேண்டாம். உங்கள் மாற்றங்கள் எல்லாம் லோக்கல் டாட் டி என்ற கோப்புறைக்குள் தனிக் கோப்புகளாக இருக்கட்டும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு 'ஆர்ஸ்பேமட்ம் கான்ஃபிக்டெஸ்ட்' ஓட்டிப் பாருங்கள்.

படி 2: டிஎன்எஸ் ரிசால்வர்

இந்தப் படியை மட்டும் அவசரமில்லாமல் படியுங்கள். எனக்கு மெயில் நின்றது இங்கேதான்.

ஒரு மெயில் வரும்போது, அதை அனுப்பும் ஐபி முகவரி கெட்ட பெயர் வாங்கியதா என்று வடிகட்டி வெளியே விசாரிக்கும். சேலம் லீ பஜாரில் புது ஆளுக்குக் கடனில் மூட்டை ஏற்றுவதற்கு முன்னால் கடைக்காரர் பக்கத்துக் கடையில் கேட்பார் இல்லையா, அதே மாதிரிதான். ஸ்பேம்ஹவுஸின் 'சென்' பட்டியல்தான் அதிகம் பேர் விசாரிக்கும் இடம். கேள்வி டிஎன்எஸ் வழியாக, அதாவது இணையப் பெயருக்கு முகவரி தேடித் தரும் முறை வழியாகப் போகும். முகவரி பட்டியலில் இருந்தால் 127.0.0.2 போன்ற ஒரு பதில் வரும். இல்லையென்றால் அப்படி ஒரு பெயரே இல்லை என்று வரும்.

இந்தச் சேவை சிறு பயன்பாட்டுக்கு இலவசம். ஆனால் 8.8.8.8, 1.1.1.1 போன்ற பொது ரிசால்வர் (டிஎன்எஸ் கேள்விக்கு நமக்காக விடை தேடித் தரும் சர்வர்) வழியாகக் கேட்டால், கேட்பது யார், எத்தனை முறை கேட்கிறார் என்று அவர்களால் பிரித்துப் பார்க்க முடியாது. அதனால் 127.255.255.254 என்று ஒரு பதில் தருவார்கள். 'பொது ரிசால்வர் வழியாக வந்தால் பதில் கிடையாது' என்பதுதான் அதன் பொருள்.

போஸ்ட்ஃபிக்ஸுக்கு அந்த வேறுபாடு தெரியாது. என் மெயின் டாட் சிஎஃப் கோப்பில் பல வருடம் முன்பு எழுதிய 'ரிஜெக்ட் ஆர்பிஎல் க்ளையன்ட்' வரி ஒன்று இருந்தது, பட்டியலில் இருப்பவரைத் திருப்பி அனுப்பச் சொல்லும் வரி. அந்த வரி, எந்தப் பதில் வந்தாலும் முகவரி பட்டியலில் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளும். புதிய சர்வரில் ரிசால்வராக இருந்தது ஒரு பொது முகவரி. ஆக, யார் மெயில் அனுப்பினாலும் 554 பிழையோடு திரும்பிப் போனது.

உங்கள் சர்வரில் எப்படி இருக்கிறது என்று பார்ப்பது சுலபம். 'டிக்' கட்டளையில் 2.0.0.127 என்று அடித்து, ஒரு புள்ளி வைத்து, சென் டாட் ஸ்பேம்ஹவுஸ் டாட் ஆர்க் என்று சேர்த்துக் கேளுங்கள். இது சோதனைக்கென்றே வைத்திருக்கும் முகவரி. 127.0.0.2, 127.0.0.4, 127.0.0.10 என்று வந்தால் சரி. 127.255 என்று தொடங்கினால் உங்களுக்கும் இதே சிக்கல்தான்.

சரிசெய்ய அன்பவுண்டை நிறுவுங்கள். யாரிடமும் கேட்டு வாங்காமல், தானே டிஎன்எஸ்ஸின் வேர் சர்வரிலிருந்து தேடிக்கொண்டு வரும் ரிசால்வர் அது. டெபியனில் நிறுவியபடியே போதும். கேள்வியை வேறு ரிசால்வருக்குத் தள்ளிவிடும் ஃபார்வர்டர் எதையும் சேர்க்காதீர்கள். பிறகு ரிசால்வ் டாட் கான்ஃப் கோப்பில் 127.0.0.1 மட்டும் இருக்கட்டும். எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டாவது வரியில் பொது ரிசால்வரைப் போடுகிறவர்கள் உண்டு. வேண்டாம். முதலாவது கொஞ்சம் தாமதித்தாலும் கேள்வி இரண்டாவதுக்குப் போய்விடும். அப்புறம் பத்து மெயிலில் ஒன்று மட்டும் திரும்பும், காரணத்தைக் கண்டுபிடிக்க உயிர் போய்விடும். ஆர்ஸ்பேம்டிக்கும் தனியாக, ஆப்ஷன்ஸ் டாட் இன்க் கோப்பின் டிஎன்எஸ் பகுதியில் இதே 127.0.0.1-ஐ எழுதிவிடுங்கள்.

இதையெல்லாம் செய்தும் எனக்கு மெயில் வரவில்லை. டிக் சரியான பதிலைத் தருகிறது, போஸ்ட்ஃபிக்ஸ் மட்டும் இன்னும் எல்லாரையும் துரத்துகிறது. இரவு இரண்டு மணிக்குத்தான் பிடிபட்டது. டெபியன் 12-ல் போஸ்ட்ஃபிக்ஸின் பெரும்பாலான பகுதிகள் தனிக் கூண்டுக்குள், வெளியே உள்ள கோப்புகளைப் பார்க்க முடியாதபடி ஓடுகின்றன. அந்தக் கூண்டுக்குள், அதாவது வார், ஸ்பூல், போஸ்ட்ஃபிக்ஸ் என்று போய் அதற்குள் இருக்கும் எட்ஸி கோப்புறையில், ரிசால்வ் டாட் கான்ஃபின் நகல் ஒன்று இருக்கிறது. போஸ்ட்ஃபிக்ஸ் தொடங்கும்போது எடுத்த நகல் அது. நான் வெளியே மாற்றியது உள்ளே போகவே இல்லை. போஸ்ட்ஃபிக்ஸை முழுதாக நிறுத்தித் தொடங்கியதும் முதல் மெயில் வந்தது. பெங்களூர்க்காரருக்கு அப்போதே பதில் எழுதிவிட்டேன்.

அந்தப் பழைய 'ரிஜெக்ட் ஆர்பிஎல்' வரியை நான் எடுத்தேவிட்டேன். ஒரே ஒரு பட்டியலின் பேச்சைக் கேட்டு ஒருவரை வாசலில் நிறுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆர்ஸ்பேம்டி அதே பட்டியலைப் பார்த்து மதிப்பெண் போடட்டும். மற்ற அடையாளங்களோடு சேர்த்து முடிவு எடுக்கட்டும். வரி இருந்தே தீர வேண்டும் என்றால் அதன் கடைசியில் சமக்குறி போட்டு 127.0.0.[2..11] என்று எல்லை கட்டுங்கள்.

இன்னொன்று: டெபியன் 12-ல் மெயில் டாட் லாக் கோப்பைத் தேடி அலைய வேண்டாம். அதை எழுதும் ஆர்சிஸ்லாக் இப்போது தானாக நிறுவப்படுவதில்லை. 'ஜர்னல்சிடிஎல்' கட்டளையில் போஸ்ட்ஃபிக்ஸைக் கேட்டால் எல்லாம் தெரியும். 'எரர்: ஓப்பன் ரிசால்வர்' என்ற சொற்கள் அங்கே முதல் நாளே இருந்தன.

படி 3: மதிப்பெண்கள்

ஒவ்வொரு மெயிலுக்கும் ஆர்ஸ்பேம்டி மதிப்பெண் போடும். இயல்பாக 4-ஐத் தொட்டால் சற்று நேரம் கழித்து வரச் சொல்லும், 6-ஐத் தொட்டால் ஸ்பேம் என்று மெயிலின் ஹெடரில் (கண்ணுக்குத் தெரியாத முன்வரிகளில்) குறிக்கும், 15-ஐத் தொட்டால் நிராகரிக்கும். இந்த எண்களை மாற்றாதீர்கள். ஒரு குப்பை மெயில் உள்ளே வந்துவிட்டது என்பதற்காக நிராகரிப்பு எல்லையை 8-க்கு இறக்குவது, கொசு வந்தது என்று கதவையே அடைத்துவிடுவது போல.

அதற்குப் பதில் 11334-ஆம் போர்ட்டில் இருக்கும் வலைப் பக்கத்தில் ஹிஸ்டரி பகுதியைப் பாருங்கள். எந்த மெயிலுக்கு எதனால் எத்தனை மதிப்பெண் என்று வரிவரியாக இருக்கும். அந்தப் போர்ட்டை இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள். சர்வருக்குள் நுழையப் பயன்படுத்தும் எஸ்எஸ்எச் இணைப்பின் சுரங்கம் வழியாகப் பார்த்தால் போதும்.

படி 4: கற்றுக்கொடுப்பது

பழைய மெயில்களின் சொற்களிலிருந்து கற்றுக்கொள்ளும் பேயஸ் பகுதி குறைந்தது 200 ஸ்பேமும் 200 நல்ல மெயிலும் பார்க்கும்வரை வாயே திறக்காது. நல்ல மெயிலுக்குப் பழைய இன்பாக்ஸைக் கொடுத்தேன். அறை கேட்டவை, காபி வாங்குகிறவர்கள் விலை விசாரித்தவை, தமிழும் ஆங்கிலமும் கலந்து சொந்தக்காரர்கள் எழுதியவை எல்லாம் அதில் இருந்தன. 'ஆர்ஸ்பேம்சி' கட்டளையில் லேர்ன் ஹேம், லேர்ன் ஸ்பேம் என்று இரண்டு வழிகள் உண்டு.

தினசரிக்கு, மெயிலைப் பெட்டி மாற்றுவதைக் கவனிக்கும் டவ்காட்டின் ஐமேப்சீவ் இருக்கிறது. ஜங்க் பெட்டிக்கு நகர்த்தினால் ஸ்பேம் என்றும், அங்கிருந்து வெளியே எடுத்தால் நல்லது என்றும் கற்றுக்கொள்ளும். ஜங்கிலிருந்து குப்பைத்தொட்டிக்குப் போவதை மட்டும் விதிவிலக்காக எழுதுங்கள். இல்லையென்றால் நீங்கள் அழிக்கும் ஒவ்வொரு ஸ்பேமையும் நல்ல மெயில் என்று படித்துக்கொள்ளும். பெரியப்பா முதலில் ஸ்பேமைப் பார்த்ததும் அழித்துவிடுவார். "அழிக்காதீங்க பெரியப்பா, ஜங்க்ல தள்ளிவிடுங்க, அப்பதான் அது படிக்கும்" என்று சொல்லிக்கொடுத்தேன். இப்போது அவரே பொறுமையாகத் தள்ளுகிறார்.

பிற்சேர்க்கை 1: கன்னங்குறிச்சியிலிருந்து ஒருவர், சர்வரை ரீபூட் செய்ததும் பழைய ரிசால்வரே திரும்ப வந்துவிட்டது என்று எழுதியிருந்தார். சர்வருக்கு முகவரி ஒதுக்கும் டிஎச்சிபி, ரிசால்வ் டாட் கான்ஃப் கோப்பை மறுபடி எழுதுகிறது. டிஎச்க்ளையன்ட் ஓடினால் அதன் கான்ஃப் கோப்பில் சூப்பர்சீட் வரி போட்டு 127.0.0.1-ஐ நிலைநிறுத்துங்கள். ரிசால்வ் டாட் கான்ஃபில் 127.0.0.53 இருந்தால் அது உங்கள் அன்பவுண்ட் இல்லை. சிஸ்டம்டி-ரிசால்வ்ட் கேள்வியை வெளியே கடத்துகிறது.

பிற்சேர்க்கை 2: ஓடிபி மெயில்கள் தாமதமாக வருகின்றன என்று ஓமலூர் நண்பர் கேட்டார். அவர் போஸ்ட்க்ரேயையும் சேர்த்து வைத்திருந்தார். அது முன்பின் தெரியாத எல்லாரையும் காத்திருக்கச் சொல்லும். ஆர்ஸ்பேம்டி 4 மதிப்பெண்ணைத் தொட்டவர்களை மட்டும் 5 நிமிடம் நிறுத்தும். போஸ்ட்க்ரேயை எடுத்தார், சரியானது.

பிற்சேர்க்கை 3: டெபியன் 13-ல் டவ்காட் 2.4 வருகிறது. அதன் அமைப்புக் கோப்பு முறையே மாறிவிட்டதால் பழைய ஐமேப்சீவ் வரிகளை அப்படியே ஒட்டினால் டவ்காட் எழாது.

பிற்சேர்க்கை 4: படி 2-ல் சொன்ன டிக் சோதனையை இப்போது, குறித்த நேரத்தில் கட்டளையை ஓட்டும் க்ரானில் போட்டிருக்கிறேன், தினமும் காலை 6 மணிக்கு. பதிலில் 127.0.0.2 இல்லையென்றால் என் போனுக்கு டெலிகிராமில் செய்தி வரும். அந்த எச்சரிக்கையை மெயிலில் அனுப்ப வைக்காதீர்கள். அந்த நேரத்தில் வராமல் போவது மெயிலாகத்தான் இருக்கும்.