வீட்டு இங்க்ஜெட் ப்ரிண்டர்: இங்க் எங்கே வீணாகிறது, எப்படித் தடுப்பது

எப்போதாவது ஹால் டிக்கெட், ஆதார் நகல், பிள்ளைகளின் ப்ராஜெக்ட் என்று அச்சிடும் வீட்டில், வாங்கிய இங்கில் கணிசமான பங்கு காகிதத்தைத் தொடுவதே இல்லை. இங்கைக் காகிதத்தில் தெளிக்கும் பகுதியான ஹெட்டைச் சுத்தம் செய்யும்போதெல்லாம் ஒரு சின்ன பம்ப் அதன் துளைகள் வழியாக இங்கை உறிஞ்சி, ப்ரிண்டரின் அடியில் இருக்கும் பஞ்சில் கொட்டிவிடுகிறது. கறுப்பில் மட்டும் அச்சிட்டாலும் கலர் இங்க் குறைவதற்கு இது ஒரு காரணம். ஆகவே செலவைக் குறைக்க நினைப்பவர் முதலில் குறைக்க வேண்டியது இந்தக் க்ளீனிங்கை. டிராஃப்ட் மோடு (இங்கைக் குறைத்து மங்கலாக அச்சிடும் தேர்வு), மெல்லிய எழுத்துரு எல்லாம் அதற்குப் பிறகுதான்.

உங்களுடையது எந்த வகை என்று முதலில் பாருங்கள். ஹெச்பி 680, கேனான் பிஜி-745 போன்ற கார்ட்ரிட்ஜ்களில் ஹெட் கார்ட்ரிட்ஜோடு சேர்ந்தே வரும். அடைத்துக்கொண்டால் புது கார்ட்ரிட்ஜோடு புது ஹெட்டும் கிடைத்துவிடும். எப்சன் எல்3210, எல்3250 போன்ற, பாட்டிலிலிருந்து இங்க் ஊற்றும் டேங்க் ப்ரிண்டர்களில் ஹெட் மெஷினோடு நிரந்தரமாக இருக்கும். அது போனால் மாற்றும் செலவைக் கேட்டுவிட்டுப் பலரும் புது ப்ரிண்டரே வாங்கிவிடுகிறார்கள். டேங்க் வைத்திருப்பவர்கள் கீழே சொல்வதை இன்னும் கவனமாகக் கடைப்பிடிக்க வேண்டும்.

சுவர் சுவிட்சில் அணைக்காதீர்கள்

நம் வீடுகளில் அதிகம் நடக்கும் தவறு இது. ப்ரிண்டரின் சொந்த பவர் பட்டனை அழுத்தினால் ஹெட் வலது ஓரத்துக்குப் போய், ஒரு ரப்பர் மூடி அதன் துளைகளைக் காற்றுப் புகாமல் மூடும். விளக்கு அணையும் வரை காத்திருங்கள். அதன் பிறகு சுவர் சுவிட்சை அணைத்தால் ஹெட்டுக்கு ஆபத்தில்லை. பாதியில் மின்சாரத்தை நிறுத்தினால் ஹெட் நடுவழியில் திறந்தபடி நின்றுவிடும். சென்னை, மதுரை வெயிலில் அது காயச் சில நாட்களே போதும். அச்சிடும்போது கரண்ட் போனால், வந்தவுடன் பட்டனில் ஆன் செய்து, ஒழுங்காக அணைத்துவிடுங்கள்.

இன்னொன்று. சில மாடல்கள் ஆன் செய்யும்போதெல்லாம் கொஞ்சம் இங்க் செலவழித்து ஹெட்டைத் தயார் செய்யும். மின்சாரத் தொடர்பே அறுந்திருந்தால், எவ்வளவு நாள் சும்மா இருந்தோம் என்று தெரியாமல் பெரிய க்ளீனிங்கையே ஓட்டும் மாடல்களும் உண்டு. காலையில் ஒரு பக்கம், மாலையில் ஒரு பக்கம் என்று பிரிக்காமல், சேர்த்து வைத்து ஒரே தடவையில் அச்சிடுங்கள். ஆனால் ஒரு வாரத்துக்கு மேல் சும்மா விடவும் கூடாது. வாரம் ஒரு முறை, நான்கு நிறமும் வரும் சிறிய பட்டைகள் கொண்ட ஒரு பக்கம் போதும். எல்லாத் துளைகளிலும் இங்க் வருகிறதா என்று காட்டும் நாசில் செக் பக்கமே இதற்குச் சரியானது, மிகக் குறைந்த இங்க்தான் பிடிக்கும். ஒருபுறம் அச்சான பழைய தாளின் பின்பக்கத்தில் எடுத்தால் காகிதமும் மிச்சம்.

கோடு விழுந்தால்

உடனே ஹெட் க்ளீனிங்கை அழுத்தாதீர்கள். முதலில் நாசில் செக். கணினியில் ப்ரிண்டர் ப்ரிஃபரன்ஸஸ் திறந்து மெயின்டெனன்ஸ் பகுதிக்குப் போனால் இருக்கும். கட்டக் கோடுகள் முழுதாக வந்தால் ஹெட்டில் குறையில்லை. தவறான பேப்பர் டைப்போ, அலைன்மென்ட்டோ, ஈரம் ஏறிய காகிதமோ காரணமாக இருக்கலாம். அங்கே க்ளீனிங் ஓட்டினால் இங்க் போகுமே தவிரப் பலன் இராது.

கோடுகள் விட்டுப் போயிருந்தால் ஒரு க்ளீனிங், ஒரு நாசில் செக் என்று மாறி மாறி மூன்று முறை வரை செய்யலாம். அப்படியும் சரியாகவில்லையென்றால் அணைத்துவிட்டு 12 மணி நேரம் விடுங்கள். காய்ந்த இங்க் ஊறவும், குழாயில் இருக்கும் காற்றுக் குமிழி அடங்கவும் அந்த நேரம் தேவை. மறுநாள் ஒரே ஒரு க்ளீனிங்கில் தெளிந்துவிடுவது உண்டு. தொடர்ந்து பத்து முறை அழுத்துவதால் டேங்க்தான் இறங்கும், அடைப்பு போகாது. எப்சனின் பவர் க்ளீனிங் கடைசி ஆயுதம். குழாயில் உள்ள இங்கையே முழுக்க மாற்றுவதால் டேங்க் மூன்றில் ஒரு பங்காவது நிறைந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் காற்றை உறிஞ்சிப் பழுதைப் பெரிதாக்கும்.

க்ளீனிங் பலிக்காததற்குப் பலரும் பார்க்காத காரணம் அந்த ரப்பர் மூடி. அதன் விளிம்பில் இங்க் கட்டியிருந்தால் மூடி சரியாக ஒட்டாது, பம்ப் இங்குக்குப் பதில் காற்றைத்தான் இழுக்கும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் நனைத்த பட்ஸால் விளிம்பை மெதுவாகத் துடைத்து, உள்ளே இருக்கும் பஞ்சில் ஐந்தாறு சொட்டு விட்டு, ஹெட்டை அதன் மேல் நிறுத்தி இரவு முழுக்க விடுங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம், அதன் உப்பு துளைகளில் படியும்.

ஹெட்டோடு வரும் கார்ட்ரிட்ஜாக இருந்தால் வேலை சுலபம். டிஷ்யூவை நாலாக மடித்து வெதுவெதுப்பான டிஸ்டில்டு வாட்டரில் நனைத்து, கார்ட்ரிட்ஜின் துளைப் பக்கத்தை அதன்மேல் ஓரிரு நிமிடம் வையுங்கள். தேய்க்காதீர்கள். செம்புப் புள்ளிகளை விரலால் தொடாதீர்கள்.

அச்சிடும்போது

வெறும் எழுத்துப் பக்கத்துக்கும் கலர் மோடிலேயே விட்டிருந்தால், சில ப்ரிண்டர்கள் கலர் மைகளையும் கலந்து கறுப்பை உண்டாக்கும். கிரேஸ்கேல் (கறுப்பு-வெள்ளை) தேர்ந்தெடுங்கள். ஹெச்பியில் "பிளாக் இங்க் ஒன்லி" என்ற தேர்வும் இருக்கும். இதோடு பேப்பர் டைப் "ப்ளெயின் பேப்பர்" என்று இருக்க வேண்டும். போட்டோ பேப்பர் என்று விட்டிருந்தால் கிரேஸ்கேலிலும் கலர் இங்க் இறங்கும். இந்த இரண்டையும் டிராஃப்ட் தரத்தோடு சேர்த்து டீஃபால்ட் ஆக்கிவிட்டு, நல்ல பிரதி வேண்டும்போது மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

மஞ்சளேறிய பழைய பத்திரத்தைக் கலர் காப்பி எடுத்தால் காகிதத்தின் மஞ்சளையும் சேர்த்து அச்சிடும். பிளாக் காப்பி பட்டன்தான் அதற்கு. போட்டோக்களில் "பார்டர்லெஸ்" தேர்ந்தெடுத்தால் ஓரத்துக்கு வெளியேயும் இங்க் தெளிக்கப்பட்டுப் பஞ்சுக்குப் போகிறது. சிறிய வெள்ளை ஓரம் விட்டால் அது மிச்சம்.

தீரும்போது

"இங்க் லோ" என்பது பெரும்பாலும் மதிப்பீடுதான். ஹெட்டோடு வரும் கார்ட்ரிட்ஜை எழுத்து மங்கும் வரை பயன்படுத்தலாம். ஹெச்பியின் இந்த வகை மாடல்களில் கலர் தீர்ந்துவிட்டால் அதைக் கழற்றிவிட்டுக் கறுப்பை மட்டும் வைத்து அச்சிட முடியும், உடனே கலர் வாங்க ஓட வேண்டியதில்லை. டேங்க்கில் இதற்கு நேர்மாறு. கீழ்க்கோட்டுக்கு இறங்கும் முன் ஊற்றிவிடுங்கள், குழாயில் காற்று ஏறினால் மிச்சம் பிடித்ததைவிட அதிகம் க்ளீனிங்கில் போய்விடும்.

வெளி இங்க் ஊற்றுபவர்கள் டை (நீரில் கரைந்த சாயம்), பிக்மென்ட் (கரையாத நுண்துகள்) வித்தியாசத்தைக் கவனியுங்கள். ஹெச்பி 680 கறுப்பு பிக்மென்ட், கலர் டை. டைக்கு வடிவமைத்த ஹெட்டில் பிக்மென்ட் ஊற்றினால் அடைக்கும். மேலே சொன்ன டேங்க் மாடல்களுக்கான எப்சன் 003 இங்கில் கறுப்பும் டைதான், அதனால் தண்ணீர் பட்டால் எழுத்து கரையும். முக்கியமான தாள்களை உறையில் வையுங்கள்.

கழிவு இங்க் பஞ்சு நிறைந்ததாகக் கணக்கு காட்டினால் எப்சன் "இங்க் பேட்" செய்தி காட்டும், கேனான் 5பி00 காட்டும். சில கடைகளில் சாஃப்ட்வேரால் கணக்கை மட்டும் பூஜ்ஜியமாக்கித் தருவார்கள். பஞ்சையும் மாற்றச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் இங்க் வழிந்து மேஜையில் நிற்கும்.

கணக்கு

கார்ட்ரிட்ஜ் விலையை அதன் பக்க எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு பக்கத்தின் செலவு தெரியும். ஹெச்பி 680 கறுப்புக்குச் சொல்லப்படுவது 480 பக்கம். அதை 960 ரூபாய்க்கு வாங்கினீர்கள் என்று வைத்துக்கொண்டால் பக்கத்துக்கு 2 ரூபாய். எப்சன் 003 கறுப்பு 65 மில்லி பாட்டிலுக்கு 4,500 பக்கம். 450 ரூபாய் என்று கொண்டால் 10 காசு. இந்த எண்ணிக்கைகள் தொடர்ந்து அச்சிட்டு எடுத்தவை, விட்டு விட்டு அச்சிடும் வீட்டில் இதைவிடக் குறையும். புது டேங்க் ப்ரிண்டரில் முதல் பாட்டில்களின் ஒரு பகுதி குழாய்களை நிரப்பவே போய்விடும், அதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

மாதம் பத்துப் பக்கம்கூட அச்சிடாத வீட்டுக்கு, அதுவும் கறுப்பு எழுத்து மட்டும் என்றால், இங்க்ஜெட் எந்த வகையானாலும் கட்டுப்படியாகாது. தெருமுனை ஜெராக்ஸ் கடை போதும், அல்லது கறுப்பில் மட்டும் அச்சிடும் ஒரு மோனோ லேசர் ப்ரிண்டர். லேசரின் டோனர் தூள், ஆறு மாதம் சும்மா கிடந்தாலும் காயாது.