செக்சம் பொருந்தவில்லையா? எண்ணைத் தொடாதீர்கள்

சத்துவாச்சாரியில் என் வீட்டு மாடியில் ஞாயிறுதோறும் நான்கைந்து மாணவர்கள் கூடி லினக்ஸ் பொதிகள் (கணினியில் நிறுவத் தயாராக்கிய மென்பொருள் தொகுப்புகள்) கட்டப் பழகுகிறார்கள். போன வாரம் ஒரு மாணவி, நான் பல வருடங்களுக்கு முன் செய்த தவறை அப்படியே செய்தார்: செக்சம் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) பொருந்தாதபோது அந்த எண்ணையே மாற்றினார். அதனால்தான் இதை எழுதுகிறேன். எழுத்துப் பிழை, விட்டுப்போன அடைப்புக்குறி போன்றவற்றைக் கருவியே காட்டிக்கொடுத்துவிடும். அவற்றுக்கு நான் தேவையில்லை.

மென்பொருளை எழுதுகிறவர்களை நாங்கள் அப்ஸ்ட்ரீம் என்போம். அவர்கள் புதிய பதிப்பு வெளியிட்டார்களா என்று தினமும் நாமே போய்ப் பார்க்க வேண்டியதில்லை. டெபியன் என்ற லினக்ஸ் வகையில் ‘வாட்ச்’ கோப்பில் தள முகவரியையும் பதிப்பெண்ணின் வடிவத்தையும் எழுதிவைத்தால் யூஸ்கேன் என்ற கருவி பார்த்துச் சொல்லும். ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸ் வகையில் அந்த வேலையைச் செய்வது அனித்யா. நிலையாமையைக் குறிக்கும் நம் ‘அநித்தியம்’தான் அந்தப் பெயர்.

ஆர்சியை முழுப் பதிப்பாக எடுத்துக்கொள்வது

ஆர்சி என்பது முழு வெளியீட்டுக்கு முன் வரும் சோதனைப் பதிப்பு. ஆனால் டெபியன் கணக்கில் 2.0-ஐவிட 2.0ஆர்சி1 பெரியது. அதை அப்படியே ஏற்றிவிட்டால், பிறகு வரும் உண்மையான 2.0 பழையதாகத் தெரியும். நடுவே ஓர் அலைக்குறி இட்டு 2.0~ஆர்சி1 என்று மாற்றும் விதியை வாட்ச் கோப்பிலேயே எழுதிவிடுங்கள். அலைக்குறி எதற்கும் முன்னால் நிற்கும், வெறுமைக்கும்கூட.

தேதியைப் பதிப்பெண் என்று நம்புவது

20190312 என்ற தேதியைக் கருவி பதிப்பெண்ணாக எடுத்துக்கொண்டால், அது 3.4-ஐவிடப் பெரிய எண். வடிவத்தை இறுக்கமாக எழுதுங்கள்.

செக்சம் பொருந்தாதபோது செக்சத்தை மாற்றுவது

இதை நினைத்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது.

கருவி புதிய பதிப்பைக் கண்டுபிடிக்கிறது, மூலநிரல் அடங்கிய டார் கோப்பை இறக்குகிறது, அதன் செக்சத்தை நாம் எழுதிவைத்த எஸ்எச்ஏ-256 எண்ணோடு ஒப்பிடுகிறது, பொருந்தவில்லை என்கிறது. உடனே கை எங்கே போகிறது? எண்களைப் புதிதாகக் கணக்கிட்டு நிரப்பித் தரும் கட்டளைக்கு. கருவி அமைதியாகிவிடும். அமைதியாகாமல் என்ன செய்யும்? கையில் இருக்கும் கோப்பை அதே கோப்போடு அல்லவா ஒப்பிடச் சொல்லியிருக்கிறோம்!

அப்போது ஒரு கல்லூரி ஆய்வகத்துக்கு நான் பொதிகள் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பாதிக் கணினிகளில் நிறுவிய பிறகு, மீதிக்காகத் திரும்பக் கட்டும்போது செக்சம் இடித்தது. எண்ணை மாற்றினேன், கட்டினேன், நிறுவினேன். ஒரு வாரத்தில், இந்த வரிசையில் சேமித்த கோப்பு அந்த வரிசையில் திறக்கவில்லை என்று மாணவர்கள் வந்து நின்றார்கள். இரண்டு வரிசையிலும் பதிப்பெண் ஒன்றே. அந்த ஒரே எண்தான் இரண்டு இரவுகள் என்னைத் தவறான இடத்தில் தேட வைத்தது. அப்ஸ்ட்ரீம் யாருக்கும் சொல்லாமல், எண்ணை உயர்த்தாமல், அதே பெயரில் வேறு டார் கோப்பை வைத்திருந்தார்கள். கருவி அதை முதல் நிமிடத்திலேயே என்னிடம் சொல்லியிருந்தது.

மாணவியின் கதை வேறு. “எண்ணை மாற்றிவிட்டேன் சார், செக்சம் சரி என்கிறது, ஆனால் கோப்பு விரியவில்லை” என்றார். அளவைப் பார்த்தோம்: 9 கிலோபைட். எடிட்டரில் திறந்தால், தளம் பராமரிப்பில் இருக்கிறது என்று அறிவிக்கும் ஒரு வலைப்பக்கம் டார் கோப்பின் பெயரைச் சுமந்து நின்றது. பழைய எண்ணைத் திரும்ப எழுதச் சொன்னேன். மறுநாள் வந்த கோப்பு அதற்குச் சரியாகப் பொருந்தியது.

பொருந்தாமை எப்போதும் திருட்டு அல்ல. 2023 ஜனவரி 30 அன்று, பலரும் மூலநிரலை வைக்கும் தளமான கிட்ஹப் தானாக உருவாக்கித் தரும் தொகுப்புகளின் சுருக்கும் முறை மாறியதால், உள்ளடக்கம் மாறாமலே செக்சங்கள் மாறிப்போயின. உலகமெங்கும் பொதி கட்டும் வேலைகள் நின்றன. கிட்ஹப் விரைவிலேயே அந்த மாற்றத்தைத் திரும்பப் பெற்றது. ஆனால் அது திருட்டா, தவறா, சுருக்கும் முறையா என்பதை எண்ணை அழித்தவரால் ஒருநாளும் அறிய முடியாது. பழைய கோப்பைப் பத்திரமாக வையுங்கள், இரண்டையும் விரித்து டிஃபோஸ்கோப் என்ற ஒப்பீட்டுக் கருவியில் ஒப்பிடுங்கள், புரியாவிட்டால் அப்ஸ்ட்ரீமுக்கு எழுதிக் கேளுங்கள். பதில் வரும்வரை பொதி காத்திருக்கட்டும்.

கோப்பு இருக்கும் இடத்திலேயே சாட்சியும் தேடுவது

வேலூர் மார்க்கெட்டில் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் வாங்குகிறவர் “இலவம்பாடிதானா?” என்று கடைக்காரரைக் கேட்பதோடு நிறுத்துவதில்லை. காம்பைத் திருப்பி முள்ளை விரலால் தொட்டுப் பார்ப்பார். டார் கோப்பும் செக்சமும் ஒரே சர்வரில் இருந்தால், அதற்குள் நுழைந்தவன் இரண்டையும் சேர்த்தே மாற்றுவான். ஆகவே அப்ஸ்ட்ரீமின் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்க்க உதவும் ஜிபிஜி பொதுச்சாவியை முன்கூட்டியே பெற்று, பொதிக்குள் வைத்து, ஒவ்வொரு வெளியீட்டின் கையொப்பத்தையும் அதைக்கொண்டு சோதியுங்கள்.

எட்டு இலக்கத்தை வைத்துச் சாவி எடுப்பது

சாவியின் அடையாள எண்ணில் கடைசி எட்டு இலக்கம் மட்டும் ஒத்துப்போகும் போலிச் சாவியை உருவாக்க முடியும். நாற்பது இலக்க விரல்ரேகையை முழுதாகப் பாருங்கள்.

கையொப்பம் சரி என்பதால் உள்ளே இருப்பதும் சரி என்பது

2024-இல் எக்ஸ்இசட் என்ற சுருக்கும் மென்பொருளின் 5.6.0, 5.6.1 வெளியீடுகளில் கையொப்பம் சரியாகவே இருந்தது. கையொப்பமிட்டவரே பின்வாசலை (ரகசியமாக உள்ளே நுழையும் வழியை) வைத்தவர். அதை இயக்கிவிடும் எம்4 என்ற கட்டுமானக் கோப்பு, மூலநிரலை எல்லோரும் பார்க்கும் கிட் களஞ்சியத்தில் இல்லை, டார் கோப்பில் மட்டும் இருந்தது. தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் எஸ்எஸ்எச் நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்த மென்பொருள் பொறியாளர் ஆண்ட்ரெஸ் ஃப்ராயண்ட், மார்ச் 29 அன்று அதை வெளிப்படுத்தினார். அன்றிலிருந்து, டார் கோப்பையும் அதே பதிப்புக்கான கிட் குறிச்சொல்லில் உள்ளதையும் அருகருகே விரித்து, ஒன்றில் மட்டும் இருக்கும் கோப்புகளைப் படித்த பிறகே நான் பொதி கட்டுகிறேன்.