டென்னசி நாட்டு பீன்ஸ்: பொரியல் பழகிய கை செய்யும் தவறுகள்

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்துக் கிழக்குப் பகுதிக்குக் குடிவந்த புதிதில் பக்கத்து வீட்டுப் பாட்டி ஒரு கிண்ணம் பீன்ஸ் கொடுத்தனுப்பினார். பார்த்ததும், பாவம், வயசானவர், அடுப்பில் வைத்துவிட்டு மறந்துபோயிருக்கிறார் என்றுதான் நினைத்தேன். பச்சை என்று சொல்லவே முடியாத காக்கி நிறம், கரண்டி பட்டாலே நசுங்குகிறது. ஒரு வாய் சாப்பிட்ட பிறகு கிண்ணத்தின் அடியில் கிடந்த சாற்றைக்கூட விடவில்லை. அப்புறம் அவருடைய அம்மா காலத்துச் செய்முறையைக் கேட்டு எழுதிக்கொண்டு வந்து, ஒவ்வொரு படியிலும் சொதப்பி, இப்போதுதான் ஓரளவு வருகிறது. சொதப்பியதற்கெல்லாம் காரணம் ஒன்றுதான். என் கை பொரியலுக்குப் பழகிய கை.

முதல் தவறு கடையிலேயே நடந்துவிடும். நாம் பிஞ்சாகத்தானே பொறுக்குவோம்? விதை தெரிந்தால் முற்றல் என்று ஒதுக்கிவிடுவோம். இந்தச் சமையலுக்கு வேண்டியதே அந்த ஒதுக்குகிற காய்தான். உள்ளே விதை பருத்து, தோல் மேடு தட்டியிருக்க வேண்டும். இரண்டு மணி நேரம் கொதித்த பிறகு தோல் குழைந்து, விதை மட்டும் மாவாக, மொச்சை தின்பதுபோல வாயில் நிற்பதில்தான் ருசி இருக்கிறது. மெல்லிசான பிரெஞ்சு பீன்ஸைப் போட்டால் கடைசியில் சட்டியில் நார்க்கூழ்தான் மிஞ்சும். இந்தப் பகுதியின் அப்பலாச்சிய மலைப்பக்கத்தில் இதற்கென்றே ரகங்கள் உண்டு. ஹாஃப் ரன்னர், கென்டக்கி வொண்டர், அப்புறம் கிரீஸி பீன்ஸ் என்று ஒன்று. எண்ணெய் எதுவும் கிடையாது, தோலில் சுனை இல்லாததால் எண்ணெய் தடவிய மாதிரி மினுங்கும், அதனால் அந்தப் பெயர்.

இந்த நாட்டு ரகங்களில் நார் உண்டு என்பதை மறந்துவிடாதீர்கள். நாரில்லாத பீன்ஸே 1890களில் நியூயார்க் மாநிலத்தின் லெராய் ஊரில் கால்வின் கீனி என்பவர் தேர்ந்தெடுத்து வளர்த்து உண்டாக்கியதுதான். மலைக்காரர்களில் பலர் ருசிக்காகப் பழைய நார்க்காயையே விடாமல் வைத்திருக்கிறார்கள். காம்பு முனையை நகத்தால் ஒடித்து, முழுக்கத் துண்டிக்காமல் அப்படியே முதுகுப் பக்கமாகக் கீழே இழுக்க வேண்டும், அவரைக்காய்க்குச் செய்வோமே அதேதான். பிறகு வால் முனையை ஒடித்து அடுத்த பக்கம். நார் பாதியில் அறுந்தால் நடுவில் ஒடித்து அங்கிருந்து மறுபடி இழுங்கள். நான் முதல் தடவை சோம்பல்பட்டுக் கத்தியால் இரண்டு முனையையும் சீவிவிட்டுப் போட்டேன், அன்றைக்குச் சாப்பிட்டவர்கள் எல்லோரும் பல்லிடுக்கிலிருந்து நூல் இழுத்துக்கொண்டிருந்தார்கள். எத்தனை மணி நேரம் வேகவைத்தாலும் அந்த நார் வேகாது. கத்தியே வேண்டாம், கையால் ஒரு அங்குலம், ஒன்றரை அங்குலத்துக்கு ஒடித்துப் போடுங்கள். பொடியாக நறுக்கினால் விதையெல்லாம் தனியே கழன்றுவிடும்.

அடுத்தது கறி. ஹாம் ஹாக் என்று புகை போட்ட பன்றிக் கணுக்கால் கிடைக்கும். கத்திரிக்காய்க் குழம்பில் ஒரு துண்டு கருவாடு என்ன வேலை செய்கிறதோ அதே வேலைதான் இங்கே இதற்கு. கறிக்குழம்பு அல்ல இது, அளவு கூடினால் பீன்ஸ் காணாமல் போய்விடும். ஒரு கிலோ பீன்ஸுக்கு ஒரு கணுக்கால் போதும். பலர் கறியையும் காயையும் ஒன்றாகப் போட்டுவிடுகிறார்கள். கறியைத் தண்ணீரில் தனியாக ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணீர் ருசியான பிறகுதான் காய் இறங்க வேண்டும். கூடவே ஒரு வெங்காயம், கொஞ்சம் மிளகு, அவ்வளவுதான். கை பரபரக்கும், கடுகு தாளிக்கலாமா என்று தோன்றும், தாளித்தும் பார்த்தேன், நன்றாகவே இருந்தது, ஆனால் அது வேறு பதார்த்தம். பன்றி சாப்பிடாதவர்கள் புகை போட்ட வான்கோழிக் காலைப் போடலாம். சைவக்காரர்கள் வெண்ணெயும் புகையிட்ட மிளகாய்த்தூளும் சேர்த்துச் செய்கிறார்கள், பரவாயில்லை ரகம்.

உப்பை முதலிலேயே போட்டு நான் ஒரு சட்டியையே கெடுத்திருக்கிறேன். கறியில் ஏற்கெனவே உப்பு இருக்கிறது, தண்ணீரும் வற்றிக்கொண்டே வரும், அதனால் கடைசிப் பதினைந்து நிமிடத்தில் ருசி பார்த்துப் போட்டால் போதும்.

புளிப்பு விஷயம் நமக்குத் தெரிந்ததுதான். காய் வேகும் முன்னால் புளி ஊற்றினால் காய் விறைத்துக்கொள்ளும் என்று எந்த அம்மாவும் சொல்வாரே, வினிகரும் தக்காளியும் அதே ரகம். காயின் செல்சுவரைப் பிடித்து நிறுத்துகிற பெக்டின் புளிப்பில் சீக்கிரம் கரையாது. ஆகவே வினிகர் தட்டில்தான். அங்கே பச்சைத் தக்காளி, முட்டைக்கோஸ் போட்ட புளிப்பு ஊறுகாய் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறார்கள். அதன் பெயர் சௌசௌ. நான் காயைத் தேடிக்கொண்டிருந்தேன்!

நிறம் போகிறதே என்று சமையல் சோடா போடாதீர்கள். சோடா பச்சையைக் காப்பாற்றும், காயைக் கூழாக்கும். வெந்த பீன்ஸ் காக்கியாவது, அதிலேயே இருக்கும் அமிலத்தில் பச்சையத்தின் மக்னீசியம் கழன்றுவிடுவதால்தான். அந்த நிறம் வந்தால்தான் சரியாகப் போய்க்கொண்டிருக்கிறோம் என்று அர்த்தம்.

குக்கரில் வைக்கலாமா? அந்த ஊர்ப் பாட்டிகளிலேயே குக்கர்காரர்கள் இருக்கிறார்கள், அதனால் பாவம் ஒன்றும் இல்லை. ஆனால் குக்கரில் தண்ணீர் வற்றாது, சாறு நீர்த்துப்போயிருக்கும். குக்கரில் வைத்தே ஆக வேண்டுமென்றால் தண்ணீரைப் பாதியாக்கி, திறந்த பிறகு அரை மணி நேரம் சுண்டவிடுங்கள். அடுப்பில் வைத்தால் மூடியைச் சாய்த்து வைத்து, குமிழ் மெதுவாக எழும் அளவுக்குத் தீயைக் குறைத்து, ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். கிண்டிக்கொண்டே இருக்க வேண்டாம். சின்ன உருளைக்கிழங்கு சேர்ப்பதாக இருந்தால் கடைசி அரை மணி நேரத்தில் மேலே அடுக்கிவிடுங்கள்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் குடும்பச் செய்முறையை நம்பக் கூடாது. பீன்ஸைக் கண்ணாடி ஜாடியில் அடைத்து, கொதிக்கும் தண்ணீரில் மணிக்கணக்காக வைத்துப் பதப்படுத்தும் பழைய முறை பல வீடுகளில் உண்டு. பீன்ஸில் புளிப்பு குறைவு. பொட்டுலிசம் என்ற உயிர்க்கொல்லி நச்சு நோயை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் 100 டிகிரியில் சாகாது. அழுத்தக் கலனில் 116 டிகிரி வரை போக வேண்டும். மலைக்காரர்களின் இன்னொரு வழி பயமில்லாதது. காயை ஊசி நூலில் கோத்து மாலை மாலையாகத் தொங்கவிட்டு உலர்த்துவார்கள். சுருங்கித் தொங்குவதைப் பார்த்து, தோல் கால்சட்டை என்று பொருள்படும் லெதர் பிரிட்சஸ் என்று பெயர். நம்ம கொத்தவரங்காய் வற்றல் போலத்தான், ஆனால் பொரிக்கமாட்டார்கள், இரவெல்லாம் ஊறவைத்து மறுநாள் இதே மாதிரி கறியோடு வேகவைப்பார்கள்.

வெந்த தண்ணீரை வடித்துக் கொட்டுவதுதான் என்னால் பொறுக்க முடியாத தவறு. சோளரொட்டியை உதிர்த்து அந்தச் சாற்றில் ஊறவைத்துத்தான் அங்கே சாப்பிடுவார்கள். மிஞ்சினால் சாற்றோடு சேர்த்து எடுத்து வையுங்கள். மறுநாள் சுண்டக்குழம்பு மாதிரி அடிபிடிக்கிற வரை சூடாக்கினால் முதல் நாளைவிட நன்றாக இருக்கும், எங்கள் வீட்டில் அதற்குச் சோறுதான் வடிக்கிறோம்.