லூபஸ் உள்ள பிள்ளையின் பேச்சும் போக்கும் மாறினால்

லூபஸுக்கு (உடலின் எதிர்ப்புச் சக்தி தன் உடலையே தாக்கும் நோய்) மாத்திரை சாப்பிடும் பிள்ளை படித்தது மறக்கிறது என்கிறாள், ராத்திரி தூங்குவதில்லை, யாரோ கூப்பிடுவதாகச் சொல்கிறாள். (பெரும்பாலும் பெண் பிள்ளைகளுக்கே வருவதால் ‘அவள்’ என்றே எழுதுகிறோம்.) காத்துக்கருப்பு என்று மந்திரிக்கப் போகாதீர்கள், பரீட்சை பயம் என்று விட்டுவிடவும் கூடாது. லூபஸ் மூளையையும் தாக்கும். சிறு வயதிலேயே நோய் வந்தவர்களுக்கு அந்த வாய்ப்பு கூடுதல்.

அன்றைக்கே ஒரு நோட்டில் எழுதத் தொடங்குங்கள்: தேதி, பார்த்த மாற்றம், அன்று கொடுத்த மாத்திரையும் அளவும், காய்ச்சல். ‘சரியில்லை’ என்று எழுதினால் டாக்டருக்கு உதவாது. ‘டம்ளர் நழுவுகிறது, கை தானாக ஆடுகிறது’ என்று எழுதினால், ரத்தம் உறையவைக்கும் ஆன்டிபாடி இருக்கிறதா என்று பார்ப்பார். மாத்திரை அளவு ஏன் முக்கியம்? பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை தினம் 40 மில்லிகிராமைத் தாண்டினால் அந்த மருந்தே மனதைக் குழப்பலாம். பெரும்பாலும் தொடங்கிய அல்லது கூட்டிய இரண்டு வாரத்துக்குள். மருந்தைத் தொடங்கும் அல்லது கூட்டும் முன்பே மாற்றம் வந்திருந்தால் சந்தேகம் லூபஸ் பக்கம் சாயும்.

இதைக் கேட்டதும் பல வீடுகளில் ஸ்டீராய்டை நிறுத்திவிடுகிறார்கள். உயிருக்கே ஆபத்து அது. மாதக்கணக்கில் சாப்பிட்ட உடல் தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டைக் குறைத்திருக்கும். திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து மயங்கிவிடலாம். குறைப்பது டாக்டர் மட்டுமே.

காய்ச்சலும் தலைவலியும் சேர்ந்தால் மூளைக்காய்ச்சலாகவும் (காசநோயால் வருவது உட்பட) இருக்கலாம், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்தல்லவா சாப்பிடுகிறாள். அதற்குத்தான் முதுகில் நீர் எடுக்கிறார்கள். கால் விழுந்துவிடும் என்று பயந்து மறுக்காதீர்கள். எம்.ஆர்.ஐ. நார்மல் என்றாலும் லூபஸ் மூளையைத் தாக்கவில்லை என்று ஆகாது.

ஃபிட்ஸ் வந்தால் இடது பக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். கையில் சாவி, வாயில் கரண்டி எதுவும் வேண்டாம். கடிகாரத்தைப் பாருங்கள், ஆனால் முதல் ஃபிட்ஸ் என்றால் ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டியதில்லை, உடனே 108. வாய் கோணினாலும், ஒரு கை கால் சோர்ந்தாலும், பேச்சு குழறினாலும் அப்படியே. தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ஓசூர் பக்கம் இருப்பவர்களுக்குப் பெங்களூரு நிம்ஹான்ஸ் (மூளை, மனநல மருத்துவமனை) கிட்டம். நோட்டு, பழைய டிஸ்சார்ஜ் சம்மரி, மாத்திரை அட்டை மூன்றையும் கையோடு எடுத்துப் போங்கள்.

‘செத்துடலாம்’ என்று சொன்னால் தனியே விடாதீர்கள், அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள். ராத்திரியானால் 14416, டெலிமானஸ் என்ற மனநல உதவி எண். மாத்திரைகளையும், கொட்டகையில் இருக்கும் பூச்சிமருந்து டப்பாவையும் பூட்டிச் சாவியைப் பெரியவர் இடுப்பில் வைத்துக்கொள்ளட்டும்.