பழைய டர்போ கார்: வேக்குவம் ஹோஸ்களை அடையாளம் காண்பதில் நடக்கும் தவறுகள்

குப்பைக்குப் போட வைத்திருந்த பழைய ஹோஸ் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தேன். ஏழாவதோ எட்டாவதோ துண்டின் நடுவில் பயறு மணி மாதிரி ஏதோ கடினமாகத் தட்டுப்பட்டது. பிளேடால் கீறிப் பிரித்தால் உள்ளே சின்னதாக ஒரு பித்தளைத் துண்டு. அதன் நடுவில் குண்டூசி நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. இரண்டு வாரமாக என் கார் பூஸ்ட் (டர்போ இன்ஜினுக்குள் தள்ளும் காற்றின் கூடுதல் அழுத்தம்) ஏறாமல் இழுவையாக ஓடியதற்குக் காரணம், அது புதிய ஹோஸில் இல்லாததுதான். ரப்பர் ஹோஸ்கள் எல்லாம் வெடித்துக் கிடந்ததால் மொத்தமாகக் கழற்றி, அளவெடுத்து, புதிய சிலிகான் ஹோஸ் வெட்டிப் போட்டிருந்தேன். எந்த ஹோஸும் இடம் மாறவில்லை. ஆனால் ஹோஸுக்குள்ளேயே ஒரு பாகம் இருக்கக்கூடும் என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

அதன் பெயர் ரெஸ்ட்ரிக்டர். வேஸ்ட்கேட் என்பது எக்ஸாஸ்ட் புகையில் ஒரு பங்கை டர்போவுக்குள் விடாமல் வெளியே விட்டு பூஸ்டைக் கட்டுப்படுத்தும் கதவு; அதைத் திறப்பது ஆக்சுவேட்டர். டர்போவிலிருந்து அந்த ஆக்சுவேட்டருக்குப் போகும் காற்றை ரெஸ்ட்ரிக்டர் நெரித்து, கொஞ்சம் கொஞ்சமாக விடும். வழியில் இருக்கும் பூஸ்ட் சோலனாய்டு (மின்சாரத்தில் இயங்கும் வால்வு) அந்தக் காற்றில் ஒரு பங்கை வேறு பக்கம் கழித்துவிடுவதால் ஆக்சுவேட்டருக்குக் குறைந்த அழுத்தமே போய்ச் சேரும்; வேஸ்ட்கேட் தாமதமாகத் திறக்கும்; பூஸ்ட் ஏறும். நெரிப்பு இல்லையென்றால் கழிவதைவிட வருவது அதிகமாகிவிடும். வேஸ்ட்கேட் முன்கூட்டியே திறந்து, ஸ்பிரிங் தாங்கும் அழுத்தத்தோடு பூஸ்ட் நின்றுவிடும். சுபாரு இம்ப்ரெசா டபிள்யூஆர்எக்ஸ், மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷன் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பித்தளைத் துண்டு நன்கு பழக்கம். அதனால்தான் ஹோஸ் மாற்றும் யாரிடமும் முதலில் சொல்வேன்: வேலை முடிந்து வண்டி ஓடிப் பார்க்கும்வரை ஒரு பழைய துண்டைக்கூடத் தூக்கி எறியாதீர்கள். எறியும் முன் ஒவ்வொன்றையும் நசுக்கிப் பாருங்கள்.

எல்லாவற்றையும் "வேக்குவம் ஹோஸ்" என்று நினைப்பது

மற்ற தவறுகள் பெரும்பாலும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன. பானெட்டுக்குள் ஓடும் மெல்லிய கறுப்பு ஹோஸ்கள் அனைத்தும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். ஆனால் ஒன்றில் எப்போதும் உறிஞ்சல் மட்டும் இருக்கும், இன்னொன்றில் அழுத்தம் மட்டும் இருக்கும், மூன்றாவதில் இரண்டும் மாறி மாறி வரும். டர்போ இல்லாத இன்ஜினில் இந்தக் குழப்பம் கிடையாது. அங்கே மேனிஃபோல்டில் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துத் தரும் குழாய்) உறிஞ்சல்தான், அதிகம் போனால் வெளிக்காற்றின் அழுத்தம்.

ஆகவே ஒரு ஹோஸை அடையாளம் காண அதன் தடிமனோ நிறமோ போதாது. காற்று போகும் வழியை மனதில் வரைந்துகொள்ள வேண்டும். ஏர் ஃபில்டர், காற்றின் அளவைப் பார்க்கும் சென்சார், டர்போவின் கம்ப்ரசர், இன்டர்கூலர் (காற்றைக் குளிர்விப்பது), த்ராட்டில் பாடி (ஆக்சிலரேட்டரை அழுத்தினால் திறக்கும் தகடு உள்ளது), இன்டேக் மேனிஃபோல்டு என்பது பெட்ரோல் டர்போக்களில் வழக்கமான வரிசை. இந்த வழியில் ஹோஸ் மாட்டும் நிப்பிள் (சின்னக் குழாய் முனை) எந்த இடத்தில் முளைக்கிறது என்பதுதான் கேள்வி.

கம்ப்ரசருக்கு முன்னால் என்றால் கிட்டத்தட்ட வெளிக்காற்றின் அழுத்தம். இன்ஜின் வேகமாக இழுக்கும்போது லேசான உறிஞ்சல். கம்ப்ரசருக்கும் த்ராட்டில் தகட்டுக்கும் நடுவில் என்றால் பூஸ்ட் வரும், பலமான உறிஞ்சல் வராது. த்ராட்டில் தகட்டுக்குப் பின்னால் மேனிஃபோல்டில் என்றால் இரண்டும் வரும். ஐடிலில் சுமார் 0.6 அல்லது 0.7 பார் உறிஞ்சல். ஆக்சிலரேட்டரை அழுத்தினால் அதே நிப்பிளில் 0.5, 0.8 பார் என்று அழுத்தம்.

சந்தேகம் வந்தால் இரண்டு பக்கமும் படிக்கும் கேஜ் ஒன்றை அந்த நிப்பிளில் மாட்டி, இன்ஜினை ஐடிலில் விட்டால் போதும். முள் உறிஞ்சல் பக்கம் நன்றாக இறங்கினால் அது மேனிஃபோல்டு. அசையாமல் நின்றால் த்ராட்டிலுக்கு முந்தையது. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். சில நிப்பிள்கள் த்ராட்டில் பாடியிலேயே, மூடிய தகட்டின் விளிம்புக்குச் சற்று மேலே இருக்கும். ஐடிலில் அவற்றில் எதுவும் காட்டாது, த்ராட்டில் கொஞ்சம் திறந்ததும் உறிஞ்சல் வரும். இஜிஆர் வால்வுக்கும் (எக்ஸாஸ்ட் புகையில் கொஞ்சத்தை இன்ஜினுக்குத் திருப்புவது) கரி கேனிஸ்டருக்கும் (டேங்கின் பெட்ரோல் ஆவியைப் பிடிப்பது) பழைய கார்களில் அங்கிருந்துதான் எடுத்திருப்பார்கள்.

இடம் மாறினால் என்ன ஆகும்

வேஸ்ட்கேட் ஆக்சுவேட்டர் என்பது டர்போவின் பக்கத்தில் இருக்கும் உருண்டை டப்பா; அதிலிருந்து ஒரு கம்பி எக்ஸாஸ்ட் பக்கம் போகும். பைபாஸ் வால்வும் ஒரு டப்பாதான், ஆனால் அதில் கம்பி இருக்காது. இன்டர்கூலர் குழாயிலிருந்து டர்போவின் வாய்ப் பக்கத்துக்குத் திரும்பும் தடித்த குழாயில் உட்கார்ந்திருக்கும். இரண்டின் தலையிலும் ஒரே அளவு மெல்லிய ஹோஸ். குழப்பம் இங்கேதான் அடிக்கடி நேர்கிறது.

ஆக்சுவேட்டருக்கு வேண்டியது பூஸ்ட் அழுத்தம். பைபாஸ் வால்வுக்கு வேண்டியது த்ராட்டிலுக்குப் பிந்தைய மேனிஃபோல்டு. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் மேனிஃபோல்டில் உறிஞ்சல் வரும், அந்த உறிஞ்சல்தான் வால்வைத் திறக்கும். அதன் ஹோஸை த்ராட்டிலுக்கு முந்தைய நிப்பிளில் மாட்டிவிட்டால் வால்வின் தலைக்கு எப்போதும் அழுத்தம்தான் போகும். கியர் மாற்றும்போது அது திறக்காது. அடைபட்ட காற்று கம்ப்ரசரையே திருப்பி அடிக்கும். படபடவென்ற அந்தச் சத்தத்தை ரசிப்பவர்கள் உண்டு. என் கருத்தில் பழைய டர்போவுக்கு அது தேவையில்லாத அடி.

ஆக்சுவேட்டர் ஹோஸ் கழன்றாலோ, யாராவது அதை அடைத்து வைத்தாலோ நடப்பது இதைவிட மோசம். வேஸ்ட்கேட்டைத் திறக்கச் சொல்ல யாரும் இல்லை. பூஸ்ட் ஏறிக்கொண்டே போகும். பழைய இன்ஜினில் நாக்கிங் (பெட்ரோல் கலவை தாறுமாறாக வெடிப்பது) வந்து பிஸ்டன் போவதற்கு நீண்ட நேரம் வேண்டியதில்லை. இந்த ஒரு ஹோஸுக்கு மட்டுமாவது இரண்டு முனையிலும் கிளிப் போடுங்கள்.

அடுத்தது ஃபியூல் பிரஷர் ரெகுலேட்டர். அதன் ஹோஸும் மேனிஃபோல்டுக்குத்தான் போக வேண்டும். பூஸ்ட் எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு பெட்ரோல் அழுத்தத்தையும் ஏற்றுவது அதன் வேலை. அடிப்படை அழுத்தம் 3 பார் என்று வைத்துக்கொள்வோம். ஹோஸ் கழன்ற நிலையில் 0.8 பார் பூஸ்ட் வந்தால், இன்ஜெக்டர் முனையில் எதிர்த்து நிற்பது 0.8 பார், பெட்ரோலைத் தள்ளும் வலு 2.2 பார்தான். பெட்ரோல் அதிகம் தேவைப்படும் நேரத்தில் குறைவாகப் போகிறது. டொயோட்டா, நிஸான், மஸ்டா கார்கள் சிலவற்றில் இந்த ஹோஸ் நேராகப் போகாமல் ஒரு சோலனாய்டு வழியாகச் சுற்றிப் போகும். சூடான இன்ஜினை மறுபடி ஸ்டார்ட் செய்ய உதவும் ஏற்பாடு அது. அதை பூஸ்ட் சோலனாய்டு என்று நினைத்துக் கழற்றிவிடுகிறார்கள்.

ரெகுலேட்டர் ஹோஸைக் கழற்றியதும் ஒரு தடவை மோந்து பாருங்கள். உள்ளே பெட்ரோல் ஈரம் இருந்தால் டயாஃப்ரம் (உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வு) கிழிந்திருக்கிறது. பாகத்தையே மாற்ற வேண்டும். பூஸ்ட் கேஜுக்கு டி-பீஸ் (மூன்று வாய் கொண்ட இணைப்பு) போடுபவர்கள் இந்த ஹோஸையும், மேனிஃபோல்டு அழுத்தத்தைப் படிக்கும் சென்சாரின் ஹோஸையும் விட்டுவிட்டு வேறு இடம் தேட வேண்டும். கேஜின் மெல்லிய குழாய் ஒருநாள் கழன்றால் பாதிக்கப்படப்போவது கேஜ் மட்டுமாக இருக்கட்டும்.

செக் வால்வை வெறும் ஜாயின்ட் என்று எடுத்துக்கொள்வது

ஹோஸின் நடுவில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் உருளை, பெரும்பாலும் பாதி ஒரு நிறம், பாதி இன்னொரு நிறம். இரண்டு ஹோஸை இணைக்கும் ஜாயின்ட் என்று நினைத்து, நீளமான ஒரே ஹோஸாகப் போட்டுவிடுவார்கள். அல்லது திருப்பி மாட்டுவார்கள். காற்றை ஒரு பக்கம் மட்டும் விடும் வால்வு அது.

உறிஞ்சலைக் கொண்டு பிரேக் பெடலை லேசாக்கும் பிரேக் பூஸ்டரின் ஹோஸில் இருப்பது எல்லாவற்றிலும் முக்கியமானது. பூஸ்டரிலிருந்து மேனிஃபோல்டு பக்கம் காற்று போகலாம், மேனிஃபோல்டிலிருந்து பூஸ்டர் பக்கம் வரக் கூடாது. கழற்றி வாயால் ஊதினாலே தெரிந்துவிடும்: பூஸ்டர் பக்க முனையில் ஊதினால் போகும், மறுமுனையில் ஊதினால் நிற்கும். திருப்பி மாட்டினால் பெடல் கல்லாக இறுகிவிடும். மாட்டிய பிறகு, இன்ஜினை அணைத்து பெடலைப் பல தடவை மிதித்து உறிஞ்சலைத் தீர்த்துவிட்டு, காலை வைத்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் சற்றுக் கீழே இறங்க வேண்டும். இதைப் பார்க்காமல் வண்டியை நகர்த்தாதீர்கள்.

இன்னொன்று பிசிவி வால்வு; இன்ஜினின் அடிப்பாகமான கிராங்க்கேஸில் சேரும் வாயுவை மேனிஃபோல்டுக்குப் போக விடுவது. பூஸ்ட் வரும்போது இது மூடிக்கொள்ள வேண்டும். மூடாவிட்டாலோ, டர்போ இல்லாத மாடலின் வால்வை வாங்கிப் போட்டாலோ, பூஸ்ட் நேரே கிராங்க்கேஸுக்குள் போகும். டிப்ஸ்டிக் மேலே எழும்பும், சீல்கள் வழியாக ஆயில் கசியும். சீல் போய்விட்டது என்று நினைத்து இன்ஜினைப் பிரிக்கும் முன் இந்த வால்வைப் பாருங்கள்.

1990களின் மஸ்டா ஆர்எக்ஸ்-7 காரில் இந்த விஷயம் உச்சத்துக்குப் போகும். ஒன்றன்பின் ஒன்றாக வேலை செய்யும் இரண்டு டர்போ, மேனிஃபோல்டுக்கு அடியில் கூட்டமாக சோலனாய்டுகள், உறிஞ்சலைச் சேமிக்க ஒரு அறை, அழுத்தத்தைச் சேமிக்க ஒரு அறை. அங்கே ஒரு செக் வால்வு திரும்பினாலும் இரண்டாவது டர்போ ஒழுங்காகச் சேராது. அப்படிப்பட்ட வண்டியில் ஞாபகத்தை நம்பிக் கழற்றவே கூடாது. ஹோஸின் முனைக்கும் அது உட்காரும் நிப்பிளுக்கும் ஒரே எண் எழுதி, இரண்டிலும் டேப் ஒட்டுங்கள். ஹோஸுக்கு மட்டும் எண் எழுதினால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது.

பானெட் ஸ்டிக்கரை வேதவாக்காக எடுத்துக்கொள்வது

பானெட்டின் உள்பக்கம் வேக்குவம் வரைபடம் ஒட்டியிருந்தால் நல்லதுதான். ஆனால் பானெட்டோ இன்ஜினோ மாறியிருக்கலாம். ஒரே மாடலில் ஆண்டுக்கு ஆண்டு, விற்ற நாட்டுக்கு நாடு ஹோஸ் வழி வேறுபடும். ஜப்பானுக்குப் போட்ட ஏற்பாடு அமெரிக்காவுக்குப் போட்டதோடு பொருந்தாது. தவிர, அந்தப் படம் எது எதோடு இணைகிறது என்று மட்டும் சொல்லும். பாகம் எங்கே இருக்கிறது என்று சொல்லாது. இன்ஜின் எண்ணை வைத்து அந்த ஆண்டின் சர்வீஸ் புத்தகத்தைத் தேடிப் பிடிப்பதே மேல்.

வண்டி பல கை மாறியிருந்தால் இன்னொரு சிக்கல். முன்பு வைத்திருந்தவர் ஹோஸில் திருகாணியை வைத்து அடைத்திருப்பார், பயன்படாத நிப்பிளில் ரப்பர் மூடி போட்டிருப்பார். டர்போவின் சூட்டில் அந்த மூடி சீக்கிரமே வெடிக்கும். ஐடிலில் ஒட்டிக்கொண்டிருந்து பூஸ்டில் பறந்துவிடும். அடைத்த முனையைப் பார்த்தால் அது எந்தப் பாகத்துக்குப் போக வேண்டியது என்று கண்டுபிடியுங்கள்; பக்கத்தில் காலியாக இருக்கும் நிப்பிளோடு குத்துமதிப்பாகச் சேர்த்துவிட வேண்டாம்.

வேக்குவம் ஹோஸ் அல்லாததை வேக்குவம் ஹோஸ் என்று வெட்டுவது

த்ராட்டில் பாடிக்குப் போகும் மெல்லிய ஹோஸ்களில் இரண்டு கூலன்ட் ஹோஸாக இருக்கலாம். டர்போவுக்கும் கூலன்ட் வந்து போகும், மெல்லிய குழாயில் ஆயில் வரும், அடியில் தடித்த குழாயில் ஆயில் இறங்கும். சூடான இன்ஜினில் தெரியாமல் ஒன்றைக் கீறினால் கை வெந்துவிடும். இன்ஜின் முழுவதும் ஆறிய பிறகுதான் கத்தி.

சென்சார்களிலும் இதே கதை. பல பழைய இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் பக்கத்தில் இரண்டு வெப்ப சென்சார்கள் இருக்கும். ஒற்றைப் பின் கொண்டது பெரும்பாலும் மீட்டருக்கு. இரண்டு பின் கொண்டது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இசியூவுக்கு. குளிரில் ஸ்டார்ட் ஆகவில்லை என்று முதலாவதை மாற்றினால் பணம்தான் வீண்.

கழற்றும்போதும் மாற்றும்போதும்

இருபது, முப்பது ஆண்டு சூடு தின்ற பிளாஸ்டிக் நிப்பிள் பிஸ்கட் மாதிரி உடையும். நேராக இழுக்காதீர்கள். முதலில் ஹோஸை லேசாகச் சுழற்றி ஒட்டலை விடுவியுங்கள். வரவில்லை என்றால் ஹோஸின் மேல்பக்கம் மட்டும் நீளவாக்கில் கீறி உரித்தெடுங்கள். பிளேடு நிப்பிளைத் தொட்டால் அந்தக் கீறல் வழியாகவே பிறகு கசியும்.

சிலிகான் ஹோஸ் சூட்டைத் தாங்கும், பெட்ரோலையும் ஆயிலையும் தாங்காது, ஊறி உப்பும். கரி கேனிஸ்டருக்கும் பிசிவிக்கும் அதற்கென்று இருக்கும் ரப்பர் ஹோஸ்தான். மெல்லிய சுவர் கொண்ட மலிவான சிலிகான் ஹோஸ் வளைவில் உறிஞ்சலால் ஒட்டிக்கொள்ளும், பூஸ்டில் வீங்கும். உள்விட்டம் 3, 4, 6 மி.மீ. என்று நிப்பிளை அளந்து வாங்குங்கள். அரை மில்லிமீட்டர் பெரியதை வாங்கிக் கிளிப்பால் இறுக்கிச் சமாளிப்பது நிற்காது.

கசிவு பார்க்க கார்புரேட்டர் கிளீனரை அடித்துப் பார்க்கும் பழக்கத்தை டர்போ காரில் விட்டுவிடுங்கள். டர்பைன் பக்க இரும்பின் சூட்டில் அது தீப்பிடிக்கும். ஆறிய இன்ஜினில் டர்போவின் வாயை மூடி, 0.5 பார் அளவுக்கு மட்டும் காற்று கொடுத்து, சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். டிப்ஸ்டிக் பக்கம் லேசாக உஸ்ஸென்று வருவது பிஸ்டன் ரிங்கைத் தாண்டி வரும் காற்றாக இருக்கலாம். அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

டீசல் டர்போ வைத்திருப்பவர்கள் மேலே சொன்ன த்ராட்டில் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. பழைய டீசலில் பெரும்பாலும் த்ராட்டிலே கிடையாது. உறிஞ்சல் தனி பம்பிலிருந்து வரும். பல வண்டிகளில் டர்போவின் ஆக்சுவேட்டரே அந்த உறிஞ்சலில்தான் அசையும். அங்கே ஹோஸைப் பின்தொடரத் தொடங்க வேண்டிய இடம் பம்ப்.

எல்லாம் மாட்டிய பிறகு முதல் ஓட்டத்தில் மூன்றாவது கியரில் மெதுவாக ஏற்றி, கண்ணை கேஜில் வையுங்கள். அந்த இன்ஜினுக்குச் சொன்ன பூஸ்டைத் தாண்டி முள் ஏறினால் அந்த நொடியே காலை எடுத்துவிட்டு, பானெட்டைத் திறந்து முதலில் ஆக்சுவேட்டர் ஹோஸைப் பாருங்கள். ஏறவே இல்லையென்றால், பழைய துண்டுகளை எடுத்து நசுக்கிப் பாருங்கள்.